கற்பனை நாட்டில் ஒரு நாட்கூலி

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. கைவிட்டுப் போகும் பொருளுக்கும் கணக்கு வேண்டும் என்று சொன்ன அப்பெரியோரிடம், இல்லாத நாட்டின் இல்லாத பொருளுக்கும் கணக்கு வேண்டுமோ என்று கேட்டிருந்தால் அவர்கள் நகைத்திருக்கவுங் கூடும். ஆயினும் அத்தகைய கணக்கை மிகுந்த சிரத்தையோடு எழுதுவோர் இன்று உலகெங்கும் உளர். அவர்கள் பொருளியல் அறிஞர் அல்லர். மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி விளையாடும் இளைஞரும் யுவதியருமே. அவர்கள் எழுதும் கணக்கிலே நம் வீட்டு மாணவர்கள் கற்கத்தக்க பாடமொன்று உண்டு. அதனையே இங்கு ஆராய்வோம்.

1974 ஆம் ஆண்டிலே, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய விளையாட்டொன்று, விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். சதுரங்கம்போல எதிரியை வெல்லும் ஆட்டமன்று இது. ஆடுவோரில் ஒருவர், கூத்தை நடத்தும் அண்ணாவியார்போல, நாடொன்றைக் கற்பனை செய்து அதிலே நிகழ்வனவற்றை எடுத்துரைப்பார். அவரை நாம் நடத்துநர் என்போம். ஏனையோர் வாள்வீரன், மந்திரவாதி, பூசகர், கள்வன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் இன்னது செய்கிறேன்" என்று வாயாற் சொல்வர். செய்கை பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இவ்வாறு ஒரு கதை வாரந்தோறும், சில வேளை ஆண்டுக்கணக்காகவும், வளர்ந்து செல்லும்.

கதையின் நாயகர்கள் பாழடைந்த கோட்டைகளுட் புகுந்து, நாகத்தைக் கொன்று, புதையலோடு மீள்வது வழக்கம். முதற் பதிப்பின் விதிப்படி, மீட்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் அனுபவப் புள்ளி ஒன்று கிடைத்தது. ஆகவே பொன் தேடுவதே ஆட்டத்தின் உயிராயிற்று. இங்கேதான் தொல்லையும் தொடங்கியது. சில வாரங்களுள் ஆடுவோர் அரசரினுஞ் செல்வராவர். அவர்கள் தங்கும் ஊரோ முதனாள் இருந்தபடியே இருக்கும். சத்திரக்காரன் அதே விலைக்குச் சோறிடுவான். குடியானவன் அதே கந்தையை உடுத்திருப்பான். கூர்மையுள்ள ஒருவர், "இத்தனை பொன்னை இவ்வூரிலே செலவிட்டோமே, அஃது எங்கே போயிற்று?" என்று கேட்பாராயின் நடத்துநர் விழிப்பார். நாகம் பறப்பதை நம்பிய அதே மனம், கடைக்காரனை நம்ப மறுக்கும்.

பொன்னில் தொடங்கலாகாது

கற்பனை நாட்டின் பொருளாதாரத்தை வகுக்கப் புகுவோர் பெரும்பாலும் நாணயத்திலிருந்து தொடங்குவர். அரசனின் தலை பொறித்த காசு, அதன் பெயர், அதன் எடை என்று பக்கங்களை நிரப்புவர். அது தலைகீழான முறை என்பது எமது கருத்து. தொடங்கவேண்டிய இடம் நாட்கூலி. கைத்தொழில் எதுவும் கல்லாத ஒருவன் காலை முதல் மாலை வரை உழைத்தால் என்ன பெறுவான்? அதைக்கொண்டு எத்தனை வயிறு நிரம்பும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டால் மற்றைய விலைகள் யாவும் தாமே வரிசையில் வந்து நிற்கும்.

மேற்கூறிய விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014 இல் வெளியாயிற்று. அதன் விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 10 செப்புக்காசு ஒரு வெள்ளிக்காசு. 10 வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. கூலியாளின் நாட்கூலி 2 வெள்ளிக்காசு. ஒரு பாணின் விலை 2 செப்புக்காசு. ஆகவே ஒருநாள் உழைப்புக்குப் பத்துப் பாண் கிடைக்கும். மனைவி மக்களோடு வாழும் ஒருவனுக்கு இது நம்பத்தக்க கணக்கே. ஆயின், அதே பட்டியலில் ஒரு கோழியின் விலையும் 2 செப்புக்காசுதான்! மாதக்கணக்காகத் தானியந் தின்று வளர்ந்த கோழியும் ஒரு பாணும் ஒரே விலையாவது எவ்வாறு? கோழி வளர்க்கும் எந்த இல்லத்தரசியும் இப்பிழையை ஒரு கணத்திற் கண்டுபிடித்து விடுவாள்.

இனி மேலே செல்வோம். நீண்ட வாளொன்று 15 பொற்காசு. அதாவது கூலியாளின் 75 நாள் உழைப்பு. உடல் முழுவதையும் மூடும் இரும்புக் கவசம் 1,500 பொற்காசு. அது 7,500 நாள் உழைப்பு. ஒருநாளும் ஓயாமல், ஒருவேளையும் உண்ணாமல் உழைத்தாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தபின், ஊருக்குள் கவசத்தோடு குதிரையில் நுழைபவனைக் கண்டு குடியானவன் ஏன் வழிவிட்டு ஒதுங்குகிறான் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு மனிதனின் இருபது ஆண்டு வாழ்க்கை குதிரைமேல் ஏறிச் செல்கின்றது.

கூலி என்றும் ஒரே நிலையில் நிற்பதுமன்று. 1348 இல் இங்கிலாந்தை அடைந்த பெருங்கொள்ளை நோய் மக்களிற் பெரும்பங்கினரை மாய்த்தது. எஞ்சிய உழைப்பாளர் அதிக கூலி கேட்டனர். நோய்க்கு முந்திய கூலிக்கே அவர்கள் வேலை செய்யவேண்டும் என்று 1351 இல் பாராளுமன்றம் சட்டமியற்றியது. ஆகவே நாகமொன்று மூன்று கிராமங்களை எரித்துவிட்டது என்று கதைசொல்லும் நடத்துநர், அடுத்த அறுவடையில் அரிவாள் பிடிக்க ஆளில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். கூலியை உயர்த்தக் கேட்போரையும், அதை மறுக்கும் நிலப்பிரபுவையும் காட்டவேண்டும். கதை அங்கேதான் சூடு பிடிக்கின்றது.

பொன்மாரி பெய்தால்

பொன் மிகுந்தால் நாடு செழிக்கும் என்பது சிறுவர் எண்ணம். அது மெய்யன்று என்பதற்கு வரலாற்றிலே சான்று உண்டு. மேற்காபிரிக்காவின் மாலி நாட்டரசன் மன்சா மூசா, 1324 இல் மக்கா யாத்திரை செல்லும் வழியிற் கெய்ரோ நகரிலே தங்கினான். அவன் வாரி வழங்கிய பொன்னாலும், அவன் பரிவாரத்தினர் செய்த செலவாலும் அந்நகரிலே பொன்னின் மதிப்புக் குறைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அது பழைய நிலைக்கு மீளவில்லை என்று அல் உமரி என்னும் அறிஞர் எழுதிவைத்தார்.

இவ்வுண்மையைக் கைகாக்ஸ் அறியாதவரல்லர். 1978 இல் வெளிவந்த தமது விதிநூலிலே, தாம் குறித்த விலைகள் ஏன் உயர்ந்திருக்கின்றன என்பதற்கு அவர் காரணங் கூறினார்: அலாஸ்காப் பகுதியிலே பொன் தேடுவோர் திரண்ட காலத்தில் ஒரு முட்டை ஒரு டொலர் விலைபோனதைப்போன்ற நிலையையே தாம் கருதியதாக விளக்கினார். நல்ல விளக்கமே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. முட்டை விலை உயர்ந்த ஊரிலே கூலியாளின் கூலியும் உயர்ந்ததா?

ஐந்தாம் பதிப்பின்படி மிகப் பெரிய நாகத்தின் புதையலிலே சராசரியாக 42,000 பொற்காசும், ஒவ்வொன்றும் பத்துப் பொன் பெறுமதியான 28,000 பிளாற்றினக் காசும் இருக்கும். ஆக 3,22,000 பொன். கூலிக்கணக்கிற் பார்த்தால் 16,10,000 நாள் உழைப்பு. ஆயிரம் கூலியாட்களைக் கொண்ட ஓர் ஊர் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பெறும் ஊதியம். இஃது ஒரே மாலையில் அவ்வூர்ச் சந்தைக்குள் வந்து விழுந்தால் நிகழ்வதென்ன? நெல்லும் கோதுமையும் ஒரு மணிதானும் மிகவில்லை. காசு மட்டுமே மிகுந்தது. வீரர்கள் கேட்ட விலை கொடுப்பர். வியாபாரி விலையை ஏற்றுவான். இரண்டு வெள்ளிக்காசுக் கூலியோடு அந்திவேளையிற் சந்தைக்கு வரும் ஏழை வெறுங்கையோடு திரும்புவான். நாகத்தைக் கொன்று ஊரைக் காத்த வீரரே அறியாமல் ஊரைப் பட்டினி போட்டவராவர்.

இதனைத் தவிர்க்கும் வழி நடத்துநருக்கு உண்டு. அதுவும் கதைக்குச் சுவையூட்டுவதே. ஐம்பது காசு ஓர் இறாத்தல் என்பது விதி. ஆகவே அப்புதையலின் எடை 1,400 இறாத்தல். அதைச் சுமக்க வண்டி வேண்டும். வண்டிக்குக் காவல் வேண்டும். காவலாளுக்குச் சம்பளம் வேண்டும். நகர வாயிலிலே ஆயம் வசூலிப்போன் நிற்பான். இங்கிலாந்தின் பழைய வழக்கில், உடையவன் அறியப்படாத புதைபொருட் பொன் முடிக்கே உரியது. அத்தகைய சட்டமொன்றை வைத்தால், நாகத்தை வென்றவர்கள் அடுத்து அரசனின் கணக்கப்பிள்ளையை வெல்லவேண்டி வரும்! நாகத்தினும் அவர் கடியவர் என்பதை அவர்கள் விரைவிலே உணர்வர்.

வண்டிமாடும் தின்னும்

வரைபடத்தில் நகரங்களைக் குறிப்பது எளிது. அந்நகரங்களுக்குச் சோறிடுவது அரிது. இடைக்கால இங்கிலாந்திலே ஒரு மணி கோதுமை விதைத்தால் ஏறத்தாழ நான்கு மணியே விளைந்தது. அதிலும் ஒன்றை மறுபோகத்திற்கு விதையாக வைக்கவேண்டும். எஞ்சிய மூன்றிலே உழவன் உண்டது போக, வரி கொடுத்தது போக, நகரத்திற்கு வருவது சொற்பமே. ஆகவே அக்கால முறையில் வாழும் நாட்டிலே பத்துப் பேரில் எட்டு அல்லது ஒன்பது பேர் உழவராக இருத்தல் வேண்டும். பாலைவன நடுவே, சுற்றுப்புறத்தில் ஒரு வயலுமின்றி, இலட்சம் பேர் வாழும் மாநகரைப் படைப்போர் அம்மக்கள் எதை உண்கின்றனர் என்பதற்கு விடை வைத்திருத்தல் வேண்டும்.

தூரத்திலிருந்து வண்டியிற் கொண்டுவரலாமே எனின், அதற்குமொரு கணக்குண்டு. ஒரு வண்டி 100 படி தானியம் ஏற்றுகின்றது என வைப்போம். வண்டிக்காரனும் மாடுகளுமாக நாளொன்றுக்கு இரண்டு படி உண்கின்றனர். போகும் வழிக்கும் திரும்பும் வழிக்குமாக, ஒருநாட் பயணத் தூரத்துக்கு நான்கு படி செலவாகும். ஐந்து நாட் பயணத்தில் 20 படி தீரும்; இருபத்தைந்து நாட் பயணத்தில் வண்டி வெறுமையாகும். தானியம் போய்ச்சேரும் முன்னே தானியத்தை மாடு தின்றுவிடும். கப்பலுக்கோ காற்றே தீனி. பண்டை உரோமாபுரி தன் மக்களுக்கு வேண்டிய தானியத்தை எகிப்திலிருந்தும் வடஆபிரிக்காவிலிருந்தும் கடல்வழியே தருவித்தமைக்குக் காரணம் இதுவே. ஆற்றையும் துறைமுகத்தையும் முதலில் வரைந்து, அதன்பின் நகரத்தை வைப்பவர் பிழைசெய்யார்.

கறுவா தரும் பாடம்

ஐந்தாம் பதிப்பின் பட்டியலிலே நமக்கு மிகவும் பழக்கமான பண்டமொன்றும் இருக்கின்றது. ஓர் இறாத்தல் கறுவா 2 பொற்காசு, பத்துநாட் கூலி. ஓர் இறாத்தல் உப்போ 5 செப்புக்காசு மட்டுமே. கறுவா இவ்வளவு விலைபெற்றது ஏன்? தொலைவிலிருந்து வருவதால் என்பதே விடை. ஆயின் பட்டியல் எல்லா ஊருக்கும் ஒரே விலையையே கூறுகிறது. எங்கும் ஒரே விலையாயின், எந்த வணிகன் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடப்பான்?

இத்தீவின் வரலாற்றை அறிந்த மாணவர் இவ்விடத்திலே நடத்துநருக்கு ஆசானாகலாம். 1505 இல் போர்த்துக்கேயர் இங்கு வந்தனர். அவர்கள் இங்கே நிலைகொண்டதற்குக் கறுவா ஒரு பெருங்காரணம். 1658 இல் அவர்களை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர் அவ்வாணிகத்தைத் தம் கைக்குள்ளே அடக்கினர். கறுவா உரிப்பதையே ஊழியக் கடமையாகக் கொண்ட மக்களைக்கொண்டு அதைத் திரட்டினர். கொழும்பிலே இன்று மாளிகைகள் நிற்கும் பகுதியைக் கறுவாக்காடு என்று நாம் வழங்குவதும் அக்காலத்தின் எச்சமே. காட்டிலே பட்டை உரிக்கும் கை, துறைமுகத்திலே நிறுக்கும் கை, மாலுமியின் கை, ஐரோப்பிய நகரிலே விலை கூறும் கை எனக் கைமாறுந்தோறும் விலை ஏறியது. உரித்த கையிலே தங்கியது மிகச் சிறிது. கற்பனை நாட்டிலே ஒரு பண்டத்திற்கு இத்தனை கைகளையும் எண்ணி வைத்தால், கள்ளக்கடத்தல்காரரும், கடற்கொள்ளையரும், கோட்டைத் தளபதியும், கிளர்ச்சி செய்யும் உழைப்பாளரும் அழையாமலே கதைக்குள் வந்து சேர்வர்.

ஏராளமான பண்டங்களுக்கு இவ்வாறு செய்யவேண்டுமென்பதில்லை. 1991 இல் வெளிவந்த 'டார்க் சன்' என்னும் கற்பனை உலகிலே உலோகம் மிக அரிது என்ற ஒன்றே அடிப்படை. அங்கே சுட்ட மண்ணே காசு. ஒரு காசைப் பத்துத் துண்டாக உடைத்துச் சில்லறையாக்குவர். எலும்பும் கல்லுமே ஆயுதம். ஓர் இல்லாமையைத் தெளிவாக எண்ணிப் பார்த்ததனால் ஓர் உலகமே உருவாயிற்று. விண்வெளியைக் களமாகக் கொண்டு 1977 இல் வெளிவந்த 'டிராவலர்' என்னும் விளையாட்டோ கடனைக் கருவாகக் கொண்டது. கப்பலின் விலையில் 240 இல் ஒரு பங்கை மாதந்தோறும் 480 மாதங்களுக்குச் செலுத்தவேண்டும்; அதாவது நாற்பது ஆண்டுகளில் இருமடங்கு விலை. தவணை நாள் நெருங்கும்போது, மறுக்கவேண்டிய சரக்கையும் ஏற்றுமாறு மனம் தூண்டும். கடன்பட்ட குடும்பத்தார் எவருக்கும் அந்நிலை புதிதன்று.

மந்திரத்துக்கும் விலையுண்டு

மந்திரம் இருக்கும் நாட்டில் இக்கணக்கெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பர். மந்திரத்தையுங் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே விடை. ஐந்தாம் பதிப்பிலே உணவையும் நீரையும் படைக்கும் மந்திரமொன்று உண்டு. ஒருமுறை ஓதினால் 15 பேர் ஒருநாள் உண்ணலாம். பதினாயிரம் பேர் வாழும் நகரில் பஞ்சம் வந்தால் நாளொன்றுக்கு 667 முறை ஓதவேண்டும். அத்தனை பூசகர் எங்குமிலர். ஆயின், பத்துப் பேராவது இருப்பர் அல்லவா? அவர்கள் யாருக்கு உணவு படைப்பார்கள்? கோவில் வாயிலில் நிற்கும் ஏழைக்கா, கோட்டையைக் காக்கும் படைக்கா?

"பணமென்றால் பிணமும் வாய்திறக்கும்" என்பது நாம் விளையாட்டாகக் கூறும் பழமொழி. இவ்விளையாட்டிலே அது சொல்லுக்குச் சொல் உண்மை. இறந்து பத்து நாட்களுக்குட்பட்டவரை உயிர்ப்பிக்கும் மந்திரமும் அங்கு உண்டு. அதற்கு 500 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும். மந்திரம் ஓதியதும் அவ்வைரம் அழிந்துபோகும். கூலியாளின் கணக்கிலே அது 2,500 நாள்; ஏறத்தாழ ஏழு ஆண்டு. பிரபுவின் மகன் வேட்டையிலே விழுந்து இறந்தால் மறுவாரம் எழுந்து நடப்பான். கூலியாளின் மகள் காய்ச்சலில் இறந்தால் அவள் இறந்தவளே. அவளுடைய தந்தை ஏழு ஆண்டு பட்டினி கிடந்து உழைத்தாலும் பத்து நாட் கெடு அவனுக்காகக் காத்திராது.

விதிநூல் இந்த அநீதியைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. ஒரு வரியில் விலையைக் குறித்துவிட்டு மேலே செல்கின்றது. ஆனால் அந்த ஒரு வரியை நாட்கூலியோடு சேர்த்துப் படித்த நடத்துநர், அரண்மனையினின்று வரும் வீரர்முன் அத்தந்தையை நிறுத்துவார். அவர்கள் பையிலே ஒரு வைரம் இருக்கின்றது. தம்முள் ஒருவர் நாளை இறந்தால் உதவும் என்று வைத்திருக்கும் வைரம். மேசையைச் சுற்றி இருப்போர் அப்போது பகடையை உருட்டமாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நம்பத்தக்க பொருளாதாரம் என்பதன் பயன் இதுவே. கணக்கு ஒழுங்காய் இருப்பதற்காக அன்று; ஒருவர் செய்யும் செலவு இன்னொருவர் வாழ்வைத் தொடுகிறது என்பதைக் காட்டுவதற்காகவே அது வேண்டப்படுகின்றது.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

இத்தகைய நாடொன்றைப் படைக்க விரும்பும் மாணவர் தடித்த நூலெதுவும் எழுதவேண்டியதில்லை. அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கம் போதும். நாட்கூலி எவ்வளவு, ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவு எவ்வளவு என்று முதலில் எழுதுக. அந்நாட்டில் எது மிகுதி, எது இல்லை, இல்லாதது எவ்வழியாக வருகின்றது என்று அடுத்து எழுதுக. வரியை வாங்குபவர் யார், கடன் கொடுப்பவர் யார் என்று அதன்கீழ் எழுதுக. ஆடுவோர் பெருந்தொகையை ஊருக்குட் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அப்பக்கத்தைத் திறந்து, எவ்விலை ஏறும், எவர் இலாபமடைவார், எவர் நட்டமடைவார் என்று மூன்று வரி சேர்க்க. சந்தைக்கு ஆடுவோர் மறுமுறை வரும்போது அம்மாற்றம் அவர்கள் கண்ணிற் படட்டும். அதற்கு மேல் எழுதப்படும் கணக்கு ஆட்டத்திற்குச் சுமையாகுமே அன்றிச் சுவையாகாது.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வோம். 2022 செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, நம் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டியது. அவ்வாண்டில் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற தந்தையரையும், அரிசிப் பானையை அளந்து அளந்து திறந்த தாய்மாரையும் நம் பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர். கையிலே காசிருக்கப் பொருளில்லாமற் போவது எவ்வாறு, அதன் சுமை யார் தோளில் ஏறுகின்றது என்ற வினா அவர்கள் உள்ளத்தில் எழுந்தே இருக்கும். பள்ளிப் பாடநூல் அதற்குச் சூத்திரத்தால் விடை கூறும். மேசைமேல் விரித்த வரைபடமும் சில பகடைகளும் அதே விடையை மனிதர் முகங்களால் கூறவல்லன. ஆகவே, பிள்ளைகள் மேசையைச் சுற்றியமர்ந்து நாகத்தையும் புதையலையும் பற்றிப் பேசக் கேட்டால், வீண்பொழுது என்று கடியாதிருப்போம். அருகிலே சற்று அமர்ந்து, "உங்கள் நாட்டில் ஒருநாட் கூலி எவ்வளவு? அதற்கு எத்தனை பாண் வாங்கலாம்?" என்று மட்டும் கேட்போமாக.